எதிர்க்கோடு

சிவநேசன் சாரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்ற செய்தி இயற்பியல் துறைக்கு வந்து சேர்ந்தபோது மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கேட்ட முதல் கேள்வி, “அப்போ நாளைக்கு இன்டர்னல் இருக்கா, இல்லையா?” என்பதுதான். இருக்காது என்று தெரிந்ததும் இரண்டாவது கேள்விக்கு அவசியம் ஏற்படவில்லை. வகுப்பு துக்கம் அனுசரிக்கக் கேன்டீனுக்குக் கிளம்பியது.

வளவன் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். சந்தோஷப்பட அவனுக்குத்தான் மற்ற எல்லோரையும்விட உரிமை அதிகம். ஒளியியல் தாளில் அவனைத் தவறாமல் ஃபெயிலாக்கியவர் சிவநேசன். அவருடைய மீசையை வளவன் வரைந்த படம் ஹாஸ்டல் கழிவறைக் கதவில் இன்னும் அழியாமல் இருக்கிறது. ஆனால் போனில் வந்த செய்தியின் கடைசி வரி அவனை எழவிடவில்லை.

‘கொலை நடந்த நேரத்தில் மகரந்தம் மஹாலின் மாடிப்படியில் எரிந்த விளக்கின் கோடுகள், சிவநேசனின் புகைப்படத்தில் பதிந்திருப்பதை வரிமானி உறுதி செய்தது.’

கீழே அந்தப் படத்தையும் போட்டிருந்தார்கள். முக்கொம்பு. நல்ல வெயில். பின்னால் காவிரி. சிவநேசன் சார் கல்யாணத் தகவல் தளத்துக்காகக் கொஞ்சம் சிரிக்க முயன்றிருந்தார். அந்தப் படத்தை நேற்றுத்தான் வளவன் தன் கையால் சரிசெய்து அனுப்பியிருந்தான்.

அவன் பையை எடுத்துக்கொண்டு உறையூருக்கு ஓடினான்.

விளக்குச் சட்டம் வந்து இது நாலாவது வருஷம். அதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் யாரையும் எங்கே வேண்டுமானாலும் நிற்கவைத்துப் படம் உண்டாக்கலாம் என்று இருந்தது. ஓர் எம்.எல்.ஏ. ஏழு ஊர்களில் ஒரே சமயத்தில் லஞ்சம் வாங்கும் ஏழு படங்கள் வெளிவந்தன. ஏழும் பொய் என்றார். ஆறு மட்டும்தான் பொய். கடைசியில் கோர்ட்டுகள் படம் என்ற வார்த்தையைக் கேட்டாலே கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தன. அப்புறம்தான் பல்புகளிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். நாட்டில் எரியும் ஒவ்வொரு எல்.இ.டி. விளக்கும் தன் நம்பரையும் அந்த நேரத்தையும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சிமிட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண் அதைப் பார்க்காது, கேமரா பார்த்துவிடும். படத்தின் குறுக்கே வரிவரியாகக் கோடு விழும். வலையில் ஏறுகிற படங்களையெல்லாம் வரிமானி என்கிற இயந்திரம் மேய்ந்து, கோட்டையும் முகத்தையும் படித்து, யார் எங்கே எப்போது நின்றார் என்று சொல்லிவிடும். படத்தில் என்ன தெரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. கோடு என்ன சொல்கிறது, அவ்வளவுதான்.

சட்டம் போட்டவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், கல்யாணப் பெண்களைத் தவிர. முப்பது வயது வரை வரன் பார்த்து, மூன்று மணிக்கு எழுந்து மேக்கப் போட்டவள், ஆல்பத்தில் வரிக்குதிரையாக நிற்கச் சம்மதிப்பாளா? ஆகவே தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணத்துக்கும் இரண்டு ஆல்பங்கள் வந்தன. ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கோட்டோடு ஒன்று, வீட்டுக்குக் கோடில்லாமல் ஒன்று. இரண்டாவது ஆல்பம் மூன்று வருஷம் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நீதிபதிகள் வீட்டிலும் அதைத்தான் பார்த்தார்கள்.

உறையூர் ‘ஜெசி போட்டோஸ்’ஸில் அந்தக் குற்றத்தைப் பகுதி நேரமாகச் செய்துவந்தவன் வளவன்.

கடை முதலாளி ஜெசிந்தா அக்கா லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, சிவநேசன் சாரோட முக்கொம்புப் படம், அதை எப்ப எடுத்தீங்க?”

“சனிக்கிழமை சாயங்காலம். சிரிக்கவைக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயிடுச்சு. ஏன், பொண்ணு அமைஞ்சிடுச்சா?”

“போலீஸ் அமைஞ்சிருக்கு.”

போனைக் காட்டினான். அக்கா படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“முக்கொம்புல பல்பே கிடையாதேடா. வெயில்ல எடுத்த படத்துல மகரந்தம் மஹால் கோடு எங்கேருந்து வந்துச்சு?”

“நான்தான் போட்டேன்.”

“எதுக்கு?”

“கோடு எடுக்கும்போது போட்டுட்டேன்.” வளவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். “கோடு எடுக்கிற சாஃப்ட்வேர் என்னா பண்ணுதுன்னா, படத்துல இருக்கிற கோட்டைக் கண்டுபிடிச்சு, அதுக்கு நேர் எதிரா ஒரு போர்வை நெய்யும். கோடு இருட்டா இருக்கிற இடத்துல போர்வை வெளிச்சம். வெளிச்சமா இருக்கிற இடத்துல இருட்டு. மேல போர்த்தினா ரெண்டும் சமமாயிடும், கோடு மறைஞ்சிடும்.”

“அதான் தினமும் பண்றமே.”

“கோடே இல்லாத படம் வந்தா அது பேசாம விட்டுடணும்க்கா. நம்மகிட்ட இருக்கிறது திருட்டு காப்பி. புதுப் போர்வை நெய்யக் கோடு கிடைக்கலன்னா, முந்தின படத்தோட போர்வையை எடுத்து இதுக்கும் போர்த்திடுது. நேத்து மகரந்தம் மஹால் கல்யாணப் படம் மொத்தத்தையும் ஓட்டினேன். கடைசியில சார் படமும் கிடந்துச்சு. தனியா எதுக்கு ஓட்டணும்னு சேத்து அமுக்கிட்டேன்.”

“மறைக்க வேண்டியது ஒண்ணும் இல்லாத இடத்துல போர்வை மட்டும் மிஞ்சிடுச்சு.”

“ஆமா.”

“தலைகீழாத்தானே இருக்கும்? மெஷினுக்குத் தெரியாதா?”

“மெஷினுக்கு நம்பர் கிடைச்சாப் போதும். நேரா நிக்குதா, சிரசாசனம் பண்ணுதான்னு பாக்க யாரும் அதுக்குச் சொல்லித் தரல.”

நேற்றுக் காலை அந்த மண்டபத்தில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, தனபாலன் என்ற மர வியாபாரி மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்தார். யாரோ தள்ளியிருக்கிறார்கள் என்று முதுகுச் சட்டை கிழிந்திருந்ததை வைத்துச் சொன்னார்கள். போன மாதம் இதே தனபாலன்தான் தன் அண்ணன் மகளைச் சிவநேசனுக்குக் கொடுக்க மறுத்தவர். ‘கௌரவ விரிவுரையாளருன்னா கௌரவம் மட்டும்தான் வரும், சம்பளம் வராது’ என்று தெருவில் வைத்துச் சொன்னார். சிவநேசன் சார் பதிலுக்கு, ‘நீ நல்லாவே இருக்க மாட்டே’ என்று அதே தெருவில் வைத்துச் சொன்னார். இதைக் கேட்டவர்கள் தெருவுக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

“சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்களாம்” என்றான் வளவன்.

“நாம போய்ச் சொன்னா நமக்கு மூணு வருஷம்.”

“ஆமாக்கா.”

“உங்க சார் நல்ல மனுஷனா?”

வளவன் நேர்மையாக யோசித்தான். “இல்லக்கா. ஆனா ஞாயித்துக்கிழமை முதல் பந்தி நேரத்துக்கெல்லாம் எழுந்திருக்கிற ஆளும் இல்ல.”

ஜெசிந்தா அக்கா லென்ஸைப் பையில் போட்டு, கடை ஷட்டரை இழுத்து விட்டார். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்த பிறகும் கொஞ்ச நேரம் கிளப்பாமல் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “லேப்டாப்பை எடுத்துக்கிட்டியா?” என்றார்.

ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் தனபாலனின் மனைவி செண்பகவல்லி உட்கார்ந்திருந்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பக்கத்தில் அவருடைய கொழுந்தன் சௌந்தரம், தண்ணீர் பாட்டிலைத் திறந்து, “ஒரு வாய் குடிங்க அண்ணி” என்று நீட்டிக்கொண்டே இருந்தார். அவர் குடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பொற்கொடி வளவன் சொன்னதை முழுதாகக் கேட்டார். நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்ததும் கதவைச் சாத்தினார்.

“இதை வேற யாருகிட்ட சொன்னே?”

“யாருகிட்டயும் இல்ல மேடம்.”

“சொல்லாதே.” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். கோட்டை எடுக்கலாம், போட முடியாதுன்னு பெரிய பெரிய புரொபசருங்க கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. நீ ஒளியியல்ல அரியர் வெச்சிருக்கே. யாரை நம்புவாங்க?”

“ஒரு படம் குடுங்க மேடம், போட்டுக் காமிக்கிறேன்.”

“காமிச்சா உன்னை உள்ள போடணும். உங்க சாரும் வெளிய வரமாட்டாரு. மெஷின் ஒரு தடவை சொன்னது நேராக் கோர்ட்டுக்குப் போயிடும். நானே நினைச்சாலும் அழிக்க முடியாது.”

“அவர் ஒண்ணும் பண்ணல மேடம்.”

பொற்கொடி மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார்.

“தம்பி, இந்த மெஷின் வர்றதுக்கு முன்னாடி இந்த ஸ்டேஷன்ல எப்படிக் கேஸ் முடிப்போம்னு தெரியுமா? பின்னாடி ஒரு ரூம் இருக்கு. இப்ப அதுல பழைய சைக்கிள் கிடக்குது. நாலு வருஷமா அங்க சைக்கிளைத் தவிர யாரும் கத்தல. நீ மெஷின் பொய் சொல்லும்னு ஊருக்குக் காமிச்சுட்டா, நாளைக்கு அந்தச் சைக்கிளை எடுத்து வெளிய போட்டுடுவாங்க. புரியுதா?”

வளவனுக்குப் புரிந்தது.

“அவரை ஒரு நிமிஷம் பாக்கலாமா?” என்றார் ஜெசிந்தா அக்கா.

கம்பிக்குப் பின்னால் சிவநேசன் சார் நின்றுகொண்டிருந்தார். உட்கார இடம் இருந்தது. சட்டை கசங்கக்கூடாது என்று உட்காரவில்லைபோல.

“என்னடா, இன்டர்னல் இல்லன்னு ஸ்வீட் குடுத்தீங்களா?”

“சமோசா சார்.”

“சூரியன் சிமிட்டாதுன்னு இவங்ககிட்ட சொன்னேன். சூரிய வெளிச்சத்துல எடுத்த படத்துல கோடு விழ வாய்ப்பே இல்லன்னு போர்டுல எழுதிக்கூடக் காமிச்சேன். பின்னணியை மாத்தியிருக்கேன்னு சொல்றாங்க. என் மேல எப்படி விழுந்துச்சுன்னு மட்டும் எனக்குப் புரியல.”

“நான்தான் சார்.”

அவர் கம்பியைப் பிடித்தார். வகுப்பில் கேட்கிற அதே குரலில், “எப்படி? முதல்லேருந்து சொல்லு” என்றார்.

வளவன் சொன்னான். எதிர்க்கோடு, போர்வை, முந்தின படம். அவர் ஒவ்வொரு படிக்கும் தலையாட்டினார்.

“சரியாச் சொல்றே” என்றார் முடிவில். “இதைப் பரீட்சையில எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?” அவருடைய வாய் சிரிக்கப் பார்த்தது, முகம் ஒத்துழைக்கவில்லை. “வளவா, எங்க அம்மா தனியா இருக்காங்க. யாராவது போய் டி.வி. வயரைப் புடுங்கி விட்டா நல்லாயிருக்கும்.”

அப்போதுதான் வாசலில் ஜீப் வந்து நின்றது. டி.எஸ்.பி. இறங்கினார். ஒரே நாளில் கொலைக் கேஸ் முடித்த குழுவைப் படம் எடுத்துத் துறையின் இணையப் பக்கத்தில் போட வேண்டும், பத்திரிகைக்கும் அனுப்ப வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். எடுக்க வேண்டிய ஆள் வரவில்லை. ஏட்டு ஒருவர் தன் போனைத் தூக்கிப் பிடித்து எல்லோருடைய தலையையும் வெட்டிக்கொண்டிருந்தார்.

“நான் எடுத்துத் தர்றேன் சார்” என்றார் ஜெசிந்தா அக்கா. “கையில கேமரா இருக்கு.”

பொற்கொடி நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் டி.எஸ்.பி., “அட, வாங்கம்மா” என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

இருபது வருஷமாகக் கல்யாண வீடுகளில் மாமாக்களை வரிசையில் நிறுத்தியவர் அக்கா. ஒரு போலீஸ் ஸ்டேஷன் அவருக்குப் பெரிய விஷயமில்லை.

“உள்ள வேணாம் சார், லைட் சரியில்ல. வெளிய வெயில்ல வாங்க. மேடம், நீங்க சாருக்குப் பக்கத்துல. ஏட்டய்யா, பொண்ணு வீட்டுக்காரங்க மாதிரி ஏன் தள்ளித் தள்ளி நிக்கிறீங்க, ஒட்டி வாங்க. அந்த அண்ணன், வயித்தை உள்ள இழுக்காதீங்க, மூச்சு முட்டுது பாருங்க. அப்படியே லேசாத் திரும்பினாப் போதும். ம். இங்க பாருங்க.”

மொத்தம் ஒன்பது பேர். வெயில் எல்லோர் முகத்திலும் சமமாக விழுந்தது. பெஞ்சிலிருந்து செண்பகவல்லி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கார்டைக் கழற்றி வளவன் கையில் கொடுத்தார். அவன் கண்ணைப் பார்த்தார். “டச்சப் பண்ணி நேரா அவங்க பக்கத்துல ஏத்திடு. பாஸ்வேர்டு ஏட்டய்யா சொல்வாரு.”

டச்சப் என்று அவர் சொன்ன விதத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. தினமும் கடையில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். வளவனுக்குத்தான் அது வேறு மாதிரி கேட்டது.

எதிர் டீக்கடைப் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தான். மகரந்தம் மஹாலின் மாடிப்படிப் படம் ஒன்று, அதற்குப் பின்னால் போலீஸ் குழு. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தான். நேற்று இதைச் செய்தபோது பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்தான். இன்று விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. மூன்று வருஷம். அப்பாவிடம் என்ன சொல்வது? பின்னறைச் சைக்கிள். கம்பிக்குப் பின்னால் கசங்காத சட்டை. டீ மாஸ்டர், “தம்பி, சக்கரை போடவா?” என்றார். “போடுங்க” என்று சொல்லிக்கொண்டே அமுக்கிவிட்டான்.

படம் பளிச்சென்று, அந்த வெயிலில் உற்றுப் பார்த்தால்கூடத் தெரியாத மெல்லிய வரிகளோடு வந்தது. ஒன்பது பேரும் கம்பீரமாக இருந்தார்கள். ஏற்றினான்.

அப்புறம் காத்திருப்பதுதான். டீ ஆறியது. அக்கா நகத்தைக் கடித்தார், அவர் நகம் கடித்து அவன் பார்த்ததில்லை. ஸ்டேஷனுக்குள்ளே முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. டி.எஸ்.பி.யின் குரல் உயர்ந்தது, “என்னய்யா இது, என் பேரு ஏன் வருது?” என்றது. நாற்காலி ஒன்று விழுந்தது.

இன்ஸ்பெக்டர் பொற்கொடி தனியாக வெளியே வந்தார். ரோட்டைக் கடந்து டீக்கடைப் பெஞ்சில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“நான், டி.எஸ்.பி., ஏழு பேரு. எல்லாரும் நேத்து முதல் பந்தி நேரத்துல மகரந்தம் மஹால் மாடிப்படியில நின்னிருக்கோம். கோர்ட்டுக்குப் போயாச்சு.”

“ஆமா மேடம்” என்றான் வளவன்.

“ஒருத்தர் பேரு வந்தா அவரு குத்தவாளி மேடம்” என்றார் ஜெசிந்தா அக்கா. “ஒன்பது போலீஸ் பேரு வந்தா மெஷின் ரிப்பேர்.”

“எனக்குத் தெரியாதா?” பொற்கொடி டீயை வாங்கிக்கொண்டார். குடிக்காமல் ஆவியைப் பார்த்தார். “டி.எஸ்.பி. இப்பவே போன்ல மெஷினைத் திட்டிக்கிட்டிருக்காரு. சாயங்காலத்துக்குள்ள உங்க சார் வீட்டுக்குப் போயிடுவாரு.” எழுந்தார். “எனக்கு உங்க மேல கோபம் இல்ல. ஆனா இன்னியிலேருந்து அந்த ரூமுக்கு நான் பதில் சொல்ல முடியாது.”

வரிமானி பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டது. தலைகீழ்க் கோட்டை மட்டும் கண்டுபிடித்து ஒதுக்கலாமே என்று ஒரு புரொபசர் சொன்னார். தலைகீழாகப் போட்டவனுக்கு நேராகப் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று இன்னொரு புரொபசர் கேட்டார். அதோடு கோடுகளின் கதை முடிந்தது. வளவன் மீதும் ஜெசிந்தா அக்கா மீதும் கேஸ் போடப்பட்டது. ஆனால் அவர்கள் கோடு எடுத்தார்கள் என்பதை நிரூபிக்க வரிமானி வேண்டும். அது பெட்டிக்குள் இருந்தது. சிவநேசன் சார் திரும்பி வந்து இன்டர்னலை நடத்தினார். வளவனுக்கு நன்றியுணர்ச்சியே இல்லாமல் மதிப்பெண் போட்டார். ஊரில் மறுபடி எந்தப் படமும் யாரையும் எதுவும் செய்ய முடியாமல் ஆனது. எம்.எல்.ஏ. நிம்மதியாகத் தூங்கினார்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் செண்பகவல்லி கடைக்கு வந்தார். அக்கா சாப்பிடப் போயிருந்தார். வளவன் எழுந்து நின்றான்.

“உக்காருங்க தம்பி. ஒரு படம் பாக்கணும்.”

தன் போனை நீட்டினார். கல்யாணத்தன்று அவருடைய தங்கை மகள் மாடிப்படியில் நின்று தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம். சின்னப் பெண், உதட்டைக் குவித்திருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் படியேறிக்கொண்டிருந்தவர் தனபாலன். அவருக்கு ஒரு படி கீழே, அவர் முதுகை ஒட்டி, சௌந்தரம்.

“அவ இதை எங்கேயும் ஏத்தல, எங்கிட்டப் போன வாரம்தான் காமிச்சா. பின்னாடி யாரு இருக்காங்கன்னு அவ பாக்கவே இல்ல. எங்க கொழுந்தன் முதல் பந்தியில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்னுதான் எல்லாருகிட்டயும் சொன்னாரு.” செண்பகவல்லி விரலால் திரையைத் தொட்டார். “இதுல கோடு இருக்கு. இது நெசக் கோடா, போட்ட கோடா? உங்களுக்குத்தான் தெரியும்னாங்க.”

வளவன் படத்தைப் பெரிதாக்கினான். லேப்டாப்பில் போட்டு மறுபடி பார்த்தான். பெண்ணின் கன்னம், சுவர், தனபாலனின் முதுகு, சௌந்தரத்தின் நீட்டிய கை, எல்லாவற்றின் மேலும் வரி ஒரே ஓட்டமாக ஓடியது. வெளிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம், இருட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. நேரம் அந்த நேரம்தான்.

“நெசம்தாம்மா.”

“போலீசுக்குக் கொண்டுபோனேன். பொற்கொடி அம்மாதான் இருந்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. கோடு யாரு வேணா போடலாம், இனிமே அது செல்லாதுன்னாங்க. வேணும்னா அவரைக் கூட்டிட்டு வந்து பழைய மாதிரி விசாரிக்கட்டுமான்னு கேட்டாங்க. பின்னாடி ரூம் கதவு திறந்து இருந்துச்சு. உள்ள யாரோ இருந்தாங்க, சத்தம் கேட்டுச்சு. நான் வேணாம்னுட்டு வந்துட்டேன்.”

வளவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். “நாங்க அன்னிக்கு...” என்று ஆரம்பித்தான்.

“அந்த வாத்தியார் ஒண்ணும் பண்ணல. அவரை விட்டது சரிதான்.” அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. “நான் இந்தப் படத்தைக் கூடத்துல மாட்டணும். எங்க வீட்டுக்காரரோட கடைசிப் படம் இதுதான். பாப்பாவை வெட்டிடுங்க. பெரிசாப் போட்டுக் குடுங்க.”

“பக்கத்துல இருக்கிறவரையும் எடுத்துடவாம்மா?”

“வேணாம். அவரும் எங்க வீட்டுலதான் இருக்காரு. தினமும் கூடத்துல உக்காந்துதான் சாப்பிடுவாரு.” செண்பகவல்லி போனை மேஜை மேல் வைத்தார். “எங்க வீட்டுக்காரர் மேல இருக்கிற கோட்டை மட்டும் சுத்தமா எடுத்துடுங்க. கொழுந்தன் மேல இருக்கிறது அப்படியே இருக்கட்டும்.”

வளவன் திரையைப் பார்த்தான். ஒரு படத்தில் ஒருவருக்கு மட்டும் எடுத்து இன்னொருவருக்கு விடுகிற போர்வையை எந்தச் சாஃப்ட்வேரும் நெய்யாது.

“கையாலதான் பண்ணணும்மா. ஒவ்வொரு வரியா. நேரமாகும்.”

“ஆகட்டும், இருக்கேன்” என்று அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.